ஆட்டம் முடிந்தது என்று யார் சொல்வது?

தொடக்க வகுப்புக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் நான் ‘நிலம்’ என்ற பேச்சையே எடுப்பதில்லை. இகோ என்றால் கற்களால் நிலத்தை வளைத்துப் பிடிக்கும் ஆட்டம் என்று கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். புத்தகங்களும் அங்கேதான் தொடங்குகின்றன. கறுப்புக்கு இவ்வளவு நிலம், வெள்ளைக்கு இவ்வளவு, அதிகம் உள்ளவர் வென்றார் என்று முதல் பக்கத்திலேயே படம் போட்டிருக்கும். படத்தைப் பார்த்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும். பலகை முன் உட்கார்ந்து முதல் கல்லைக் கையில் எடுத்ததும், இதை எங்கே வைத்தால் நிலம் வரும் என்று தெரியாமல் விழிப்பார்கள். வெறும் இடம் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்பது ஆடிப் பழகியவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக வந்தவர் கண்ணுக்குத் தெரிவது கல் மட்டும்தான். ஆகவே நான் கல்லிலிருந்து தொடங்குவேன்.

டோக்கியோவுக்கு நான் வந்தது கணினி வேலைக்கு. ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில் இகோ மன்றம் இருந்தது. ஆயிரம் யென் அளவில் கட்டணம் கொடுத்தால் இருட்டும்வரை ஆடலாம், தேநீரும் கிடைக்கும். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். இப்படிப்பட்ட மன்றங்கள் ஜப்பானில் குறைந்துகொண்டே வருகின்றன. வெளிநாட்டுக்காரன் ஒருவன் வந்து உட்கார்ந்ததும் ஆளாளுக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தார்கள். அப்படிக் கற்று, பிறகு புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் என் தொழில். ஜப்பானியப் பிள்ளைகள் ‘சென்செய்’ என்று கூப்பிடுகிறார்கள். நிஷி-கசாய் பக்கம் இந்தியக் குடும்பங்கள் நிறைய. அங்கிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் ‘அங்கிள்’.

ஜப்பானில் இகோ, சீனாவில் வெய்ச்சி, கொரியாவில் பதுக். மேல்நாட்டார் ‘கோ’ என்கிறார்கள். ஆட்டத்துக்குள்ளேயே கோ என்ற பெயரில் ஒரு விதி வேறு இருப்பதால், குழப்பம் வேண்டாம் என்று இங்கே இகோ என்றே எழுதுகிறேன்.

முழுப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள். கல்லைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் வைக்க வேண்டும். மொத்தம் 361 புள்ளிகள். சதுரங்கம் ஆடிப் பழகியவர்களின் கை தானாகக் கட்டத்துக்குள் போகும். நம் ஊர்ப் பெரியவர்கள் யாராவது பேரப்பிள்ளைகளோடு வந்தால் எனக்கு வேலை சுலபம். “ஆடுபுலி ஆட்டத்தில் காய் எங்கே வைப்பீர்கள், அப்படித்தான்” என்றால் போதும். அதில் புலியை நகர விடாமல் ஆடுகள் சுற்றி அடைத்தால் ஆடு வென்றது அல்லவா, இங்கேயும் அடைப்பதுதான் வேலை. ஒரே வித்தியாசம், வைத்த கல் நகராது. பிடிபட்டால் பலகையை விட்டுப் போகும். இல்லையென்றால் கடைசிவரை அங்கேயே இருக்கும். இதைச் சொன்னதும் சதுரங்கக்காரர்கள் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரியும்.

வகுப்பில் 361 புள்ளிப் பலகையை எடுப்பதே இல்லை. ஒன்பதுக்கு ஒன்பது, 81 புள்ளி. மடிக்கும் அட்டைப் பலகை, பிளாஸ்டிக் கற்கள். மன்றத்தில் கயா மரத்தில் செய்த நல்ல பலகை ஒன்று இருக்கிறது. தேன் நிறம், நாலு கால். அதற்குரிய வெள்ளைக் கற்கள் கிளிஞ்சலில் அறுத்தவை, கறுப்பு நாச்சி என்ற பகுதியின் பெயரால் விற்கும் கரிய பலகைக்கல். வெள்ளை நிறம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் என்பதால் கறுப்புக் கல்லை ஒரு மயிரிழை பெரிதாகச் செய்வார்கள்: வெள்ளை 21.9 மில்லிமீட்டர், கறுப்பு 22.2. பலகையும் சரியான சதுரம் இல்லை. உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போது சதுரமாகத் தெரிய வேண்டும் என்று நீளம் 45.45 சென்டிமீட்டர், அகலம் 42.42. இதெல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்காது. ஆனால் பிள்ளைகளுக்கு விதியைவிட இதுதான் பிடிக்கிறது.

கல்லின் உயிர் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் பாடம். பலகை நடுவில் ஒரு கல்லை வைத்தால் அதிலிருந்து கோடு வழியாக நாலு பக்கமும் நாலு காலிப் புள்ளிகள். அவைதான் அதன் மூச்சு. ஓரத்தில் வைத்தால் மூன்று. மூலையில் இரண்டே. எதிராளி அத்தனையையும் அடைத்தால் கல் பிடிபட்டது, எடுத்துவிடலாம். ஒரே நிறக் கற்கள் கோடு வழியாக ஒட்டி இருந்தால் அவை ஓர் உடம்பு. மூச்சையும் சேர்ந்தே விடும், சாவதானாலும் சேர்ந்தே சாகும்.

இவ்வளவுதான் சொல்வேன். முதலில் யார் ஒரு கல்லைப் பிடிக்கிறாரோ அவர் வென்றார் என்று சொல்லி ஆட விட்டுவிடுவேன். இந்த முறையைப் பள்ளிகளிலும் முதியோர் இல்லங்களிலும் பரப்பியவர் யசுதா யசுதோஷி என்ற ‘ஒன்பதாம் தான்’ தரத் தொழில்முறை ஆட்டக்காரர். ஒன்பதாம் தானுக்கு மேலே தரம் கிடையாது. அந்த உயரத்தில் இருந்த ஒருவர் ‘முதலில் பிடித்தவர் வென்றார்’ என்ற சிறுபிள்ளை ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனதற்கு, எத்தனையோ பட்டங்களுக்குத் தரும் மதிப்பை நான் தருவேன்.

ஆட விட்டதும் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுக்காரருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்: மூலைவிட்டமாக இருக்கும் இரண்டு கற்கள் ஒட்டி இருப்பதாக நினைத்துக்கொள்வது. கண்ணுக்கு அவை தொட்டுக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இடையில் கோடு இல்லை. எதிராளி நடுவே நுழைந்து வெட்டலாம். நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு தடவை வெட்டுப்பட்டால் பிறகு மறக்காது. அடுத்தது ஓடுவது. ஒரே ஒரு மூச்சு மிச்சமிருக்கும் கல்லைக் காப்பாற்ற நீட்டுவார்கள், எதிராளி குறுக்கே வைப்பார், மறுபடி நீட்டுவார்கள். படிக்கட்டு மாதிரி பலகை முழுக்கச் சாய்வாக ஓடிப்போய், ஓரத்தில் முட்டி, ஒரு கல் போக வேண்டிய இடத்தில் பத்துக் கற்கள் போகும். பெரியவர்களுக்கு அப்போது கோபம் வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கற்றுக்கொள்ளும் வேகத்தில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

பிடிக்கும் ஆட்டம் கொஞ்சம் கைவந்ததும் ஒரு கேள்வி தானாக வரும். சுற்றிலும் எதிரி கற்கள், நடுவில் ஒரே ஒரு காலிப் புள்ளி. அங்கே என் கல்லை வைக்கலாமா? வைத்த உடனே மூச்சில்லாமல் போகும் இடத்தில் வைக்கக் கூடாது என்பது ஜப்பானிய விதி. (நியூசிலாந்து விதியில் அதற்கும் அனுமதி உண்டு, கல் போவது உன் பாடு.) ஆனால் ஒரு விலக்கு: அங்கே வைப்பதால் எதிராளியின் கற்கள் பிடிபடுமானால் வைக்கலாம். முதலில் அவை எடுக்கப்படும், அதனால் என் கல்லுக்கு மூச்சு வந்துவிடும். இந்த ஒரு விலக்கிலிருந்துதான் ஆட்டம் முழுக்க விரிகிறது. ஒரு கூட்டத்துக்குள் ஒரு ஓட்டை மட்டும் இருந்தால், எதிராளி வெளியே எல்லாவற்றையும் அடைத்துவிட்டுக் கடைசியாக உள்ளே வைத்துப் பிடிப்பார். தனித்தனியாக இரண்டு ஓட்டைகள் இருந்தால்? ஒரே நேரத்தில் இரண்டிலும் வைக்க முடியாது. முதலாவதில் வைத்தால் அது விதிப்படி கூடாத வைப்பு, இரண்டாவதும் அப்படியே. அந்தக் கூட்டத்தை யாராலும் பிடிக்க முடியாது.

இந்த ஓட்டைகளைக் ‘கண்’ என்பார்கள். ‘இரண்டு கண் இருந்தால் உயிர்’ என்பதைப் பல புத்தகங்கள் விதிகளோடு விதியாக அச்சிடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அது விதி அல்ல, விதியின் விளைவு. விதியென்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை மனப்பாடம் செய்யும். சொல்லாமல் விட்டால் தானே கண்டுபிடிக்கும். “அங்கிள், இந்தக் கூட்டத்தை இனிமேல் யாராலும் ஒன்றும் பண்ண முடியாது” என்று ஒரு சிறுமி பலகையைப் பார்த்தபடி சொன்னாள். அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருந்தால் அவளிடமிருந்து பறித்ததாக இருந்திருக்கும்.

கோ விதியையும் அப்படித்தான் விடுகிறேன். கறுப்பு ஒரு வெள்ளைக் கல்லைப் பிடிக்கிறது. பிடித்த அந்தக் கறுப்புக் கல்லுக்கு மூச்சு ஒன்றுதான், வெள்ளைக் கல் இருந்த அதே இடம். வெள்ளை அங்கே வைத்தால் கறுப்பு பிடிபடும். பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை. இரண்டு பையன்கள் இதைக் கண்டுபிடித்தால் நிறுத்தவே மாட்டார்கள். எடுப்பதும் வைப்பதுமாக, சிரிப்பும் சத்தமுமாகப் போகும். பக்கத்து மேசைப் பெரியவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்து ஒரு பார்வை பார்ப்பார். கடைசியில் இருவரில் ஒருவன், “இது முடியவே முடியாதே” என்பான். அப்போதுதான் விதியைச் சொல்வேன்: பிடித்ததை உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது, ஒரு தடவை வேறு எங்காவது வைத்துவிட்டுத்தான் வர வேண்டும். அவ்வளவு சொன்னால் மறுவாரமே ஒரு பையன், எதிராளி பதில் சொல்லியே ஆக வேண்டிய இடமாகப் பார்த்து அந்த ‘வேறு எங்காவது’ கல்லை வைக்கிறான். தொழில்முறை ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் கோச் சண்டை அங்கே பிறந்துவிட்டது.

இதுவரை எல்லாம் சுலபம். உண்மையான கஷ்டம் ஆட்டத்தின் கடைசியில் இருக்கிறது.

சதுரங்கத்தில் ராஜா மாட்டிக்கொண்டால் முடிந்தது. யாருக்கும் சந்தேகம் இல்லை. இகோவில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. இனி வைத்துப் பயனில்லை என்று ஒருவர் நினைத்தால் ‘விடுகிறேன்’ என்று சொல்லலாம். மற்றவரும் விட்டால் ஆட்டம் நிற்கும். அதற்குப் பிறகு எந்தக் கல் உயிர், எந்தக் கல் சாவு என்று இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு கண் பண்ண வழியில்லாத கல் செத்த கல், பிடிக்காமலேயே எடுத்துவிடலாம். ஜப்பானியக் கணக்கில், ஆட்டத்தின்போது பிடித்த கற்களையும் இப்போது எடுத்த கற்களையும் எதிராளியின் நிலத்தில் போட்டு அடைப்பார்கள். மிச்சமிருக்கும் காலிப் புள்ளிகளைப் பத்துப் பத்தாக எண்ண வசதியாக ஒழுங்குபடுத்தி எண்ணுவார்கள். தேர்ந்த கைகள் இதைச் செய்யும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

புதியவருக்கு இது நரகம். ஒருவர், “உன் கல் செத்துவிட்டது” என்பார். மற்றவர், “எங்கே, பிடித்துக் காட்டு” என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஜப்பானியக் கணக்கில் என் நிலத்துக்குள் நானே ஒரு கல் வைத்தால் எனக்கு ஒரு புள்ளி குறையும். செத்த கல்லைச் செத்தது என்று நிரூபிக்கப் போய் நான் தோற்க வேண்டுமா? நிரூபிக்காமல் இவரை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது? கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்த இடத்தில் பலகையை மடித்துவைத்துவிட்டு, “இது விதியே இல்லை, பழக்கவழக்கம்” என்றார். அவர் சொன்னது வரலாற்றுப்படியும் சரி. தோகுகவா ஆட்சிக் காலத்தில் ஹொனின்போ, இனோவே, யசுயி, ஹயாஷி என்ற நாலு குடும்பங்கள் அரசின் ஆதரவில் இகோவை வளர்த்தன. கோட்டைக்குள் ஷோகன் சபையில் ஆடினார்கள். ஆனால் இப்படிப்பட்ட விவகாரங்களுக்கு எழுதிய சட்டம் இல்லை, முன் உதாரணம்தான். 1928-லும் 1948-லும் உச்ச நிலை ஆட்டக்காரர்களுக்கு இடையிலேயே கடைசிக் கணக்கில் தகராறு வந்தது. ஜப்பானிய விதிகளை முறையாக எழுதிவைத்தது 1949-ல். அதைத் திருத்தி எழுதியது 1989-ல். அந்தத் திருத்தத்திலும் சிக்கலான நிலைகளுக்கு உதாரணப் படங்கள் போட்டுத்தான் விளக்க வேண்டியிருந்தது.

இதற்கு நான் பின்பற்றும் வழி ஓ மெய்யென் காட்டியது. தைவானில் பிறந்து ஜப்பானில் ஆடும் இவரும் ஒன்பதாம் தான். 2000-லும் 2001-லும், மேலே சொன்ன குடும்பத்தின் பெயரில் வழங்கும் ஹொனின்போ பட்டத்தை வென்றவர். அவர் புதியவர்களுக்காக முன்வைத்த முறையில் நிலம் என்ற பேச்சே இல்லை. கடைசியில் பலகை மேல் யாருடைய கல் அதிகமோ அவர் வென்றார். அவ்வளவுதான். பிடித்த கல்லுக்குக் கணக்கு இல்லை. சொந்த இடத்தில் கல் வைத்தால் நஷ்டம் இல்லை, லாபம்தான். செத்ததா என்று சந்தேகமா? வைத்துப் பிடித்துக் காட்டு, கணக்கில் ஒன்றும் கெடாது.

பிள்ளைகள் ஆவலாக நிரப்புவார்கள். நிரப்பிக்கொண்டே போய், இனி ஒரு கல் வைத்தால் சொந்தக் கண்ணே அடைபடும் என்ற இடத்தில் கை நிற்கும். இரண்டு கண் ஏன் வேண்டும் என்பது இங்கே இன்னொரு தடவை விளங்கும். இப்படிச் சில ஆட்டம் போனதும் யாராவது ஒரு பொறுமைசாலி பொறுமை இழப்பார்: “இவ்வளவும் நிரப்பித்தான் ஆக வேண்டுமா? இங்கே எப்படியும் நான்தான் வைக்கப் போகிறேன். எத்தனை வைக்கலாம் என்று எண்ணிவிட்டால் போதாதா?”

போதும். அதுதான் நிலம். முதல் பக்கத்துப் படத்தில் விளங்காமல் இருந்தது இப்போது கேட்டவருடைய சொந்தச் சரக்கு. கல்லையும் அது சூழ்ந்த காலி இடத்தையும் சேர்த்து எண்ணினால் அது சீனக் கணக்கு. காலி இடத்தை மட்டும் எண்ணி, பிடிபட்ட தன் கற்களைக் கழித்தால் ஜப்பானியக் கணக்கு. இரண்டிலும் முடிவு பெரும்பாலும் ஒன்றாகவே வரும். மாறினால் ஒரு புள்ளி மாறும்.

எங்கள் மன்றத்துப் பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஜப்பானில் உட்கார்ந்துகொண்டு சீனக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறான் என்று குறை. நான் அவர்களிடம் 2016 மார்ச்சில் சியோலில் நடந்ததை நினைவூட்டுவேன். ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை ஐந்து ஆட்டங்களில் நாலில் வென்றது. கொரியாவிலும் வழக்கத்தில் இருப்பது ஜப்பானியக் கணக்கைப் போன்றதுதான். ஆனாலும் அந்தப் போட்டி சீன விதிப்படியே நடந்தது. கணினியிடம் ‘இது செத்ததாக வைத்துக்கொள்வோம்’ என்று பேசி ஒப்புக்கொள்ள வைக்க முடியாது. பலகையில் இருப்பதை எண்ணிச் சொல்லும் விதிதான் அதற்குத் தோது. பிள்ளைகளுக்கும் அதுவே தோது. ஜப்பானியக் கணக்கின் நாசூக்கு ஆடிப் பழகியவர்களுக்கு உரியது; ஆறு மாதம் கழித்து ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

கொமி பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு முதலில் வைப்பதால் அதற்குச் சாதகம். அதை ஈடுகட்ட வெள்ளைக்குக் கொடுக்கும் புள்ளிதான் கொமி: ஜப்பானில் இப்போது ஆறரை, சீனாவில் ஏழரை. அரைப் புள்ளி இருப்பதால் சமன் வராது. பழைய நாளில் இது கிடையாது. 1938 ஜூனில் தொடங்கி டிசம்பரில் முடிந்த ஹொனின்போ ஷூசாயின் ஓய்வு ஆட்டத்தில் கறுப்பாக ஆடிய கிதானி மினோரு ஐந்து புள்ளியில் வென்றார். பத்திரிகைக்காக அதைப் பார்த்து எழுதிய கவபாட்டா யசுனாரி, பின்னாளில் அதையே நாவலாக்கினார். இன்றைய கொமிப்படி பார்த்தால் முதியவர் ஷூசாய் ஒன்றரைப் புள்ளியில் வென்றிருப்பார். விதி வேறாக இருந்தால் ஆட்டமும் வேறாகத்தான் போயிருக்கும் என்று மன்றத்தில் உடனே திருத்துவார்கள், சரிதான். ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னால் அரைப் புள்ளி எதற்கு என்று யாரும் மறுபடி கேட்பதில்லை.

நிறம் பிரிப்பது நமக்குப் பழகிய ஒற்றையா இரட்டையாதான். ஒருவர் வெள்ளைக் கற்களைக் கை நிறைய அள்ளி மூடிக்கொள்வார். மற்றவர் ஒரு கறுப்புக் கல் வைத்தால் ஒற்றை, இரண்டு வைத்தால் இரட்டை. சரியாகச் சொன்னவருக்குக் கறுப்பு. தரம் ஏறக்குறைய சமமாக இருந்தால் இப்படி. இல்லையென்றால் பலவீனமானவர் கறுப்பை எடுத்துக்கொண்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப இரண்டிலிருந்து ஒன்பது கற்கள்வரை முன்னதாகவே வைத்துத் தொடங்கலாம். பேத்தியும் தாத்தாவும் உட்கார்ந்து இருவருமே முழு மூச்சாக ஆட முடிவது இதனால்தான். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து ஆடும் அவமானம் இதில் இல்லை. இகோவின் விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

தொடங்கும்போது தலை குனிந்து வணக்கம். முடிந்ததும் நன்றி. தோல்வி உறுதி என்று தெரிந்தால் கடைசிவரை இழுக்காமல் ‘தோற்றேன்’ என்று தானே சொல்வது. வென்றவர் அதற்கு முன் வாய் திறப்பதில்லை. பிறகு இருவரும் ஆட்டத்தைத் திரும்ப வைத்து, எங்கே மாறியது என்று பேசுவார்கள். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி வர நாளாகும். சில பெரியவர்களுக்கு வருவதே இல்லை.

இதைப் படித்து ஆட ஆசைப்பட்டால் பலகை வாங்க வேண்டியதில்லை. ஒரு தாளில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு கிழியுங்கள். புளியங்கொட்டை நாற்பது, வெள்ளை மொச்சை நாற்பது எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பிடிக்கும் ஆட்டம் மட்டும் ஆடுங்கள். இரண்டாம் வாரம் பலகை நிறையும்வரை வைத்து, யாருடையது அதிகம் என்று எண்ணுங்கள். செத்ததா இல்லையா என்று சண்டை வந்தால் வைத்துப் பார்த்துவிடுங்கள். எதிரே உட்கார ஓர் ஆளை மட்டும் நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.